அந்த அம்மா ஒளித்துவைத்த டப்பா

என் நண்பர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, தலையில் எப்போதும் ஈரத்துண்டு. எண்பதுகளின் கடைசியில் செண்பகத்தோப்பு ஓடைக்குக் குளிக்கப் போன இடத்தில் எனக்குப் பழக்கமானார். அவர் குடும்பத்தில் ஒரு விளையாட்டு இருந்தது. பிஸ்கட் டப்பாவில் வளையல், கோலிக்குண்டு என்று எதையாவது போட்டு ஓடைக்கரையில் ஒளித்துவைப்பார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் ராஜபாளையத்திலிருந்து பிள்ளைகளோடு பஸ் ஏறிப் போய்த் தேடுவோம். பிறகு எங்கள் முறை. டப்பா அகப்பட்டதும் யார் எடுத்தாலும் அவர்தான் முதலில் கைதட்டுவார். இரண்டு வீடும் சொந்தம்போல ஆகிவிட்டது.

ஒருமுறை அவர் மனைவி தனியாகப் போய், இடத்தை யாரிடமும் சொல்லாமல் ஒளித்துவிட்டு வந்தார். அந்த வாரமே மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார்.

காரியம் முடிந்தபின் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, அவ வச்சது அங்கனதான் கெடக்கு. தேடணும், வாங்க."

எல்லோரும் போனோம். ஒரு மருதமரத்தின் வேரிடுக்கில் அது என் கண்ணில் பட்டது. தொடாமல் வந்து, தூரத்தில் தேடிக்கொண்டிருந்த அவரிடம் டப்பாவைப் பார்த்துவிட்டதைச் சொன்னேன். அவர் கைதட்டவில்லை.

"எந்த இடம்னு மட்டும் சொல்லிராதீக அண்ணாச்சி. எடுத்துட்டா, பொறவு நான் எதுக்கு இங்க வரணும்?"

நான் சொல்லவில்லை. அதன்பிறகும் ஞாயிறுதோறும் தேடினார். பல வாரம் நானும் கூடப் போனேன். ஓடை முழுக்கக் கல்லைப் புரட்டுவார். அந்த மருதமரத்துப் பக்கம் மட்டும் போகமாட்டார். அவருக்கு இடம் முன்பே தெரியுமா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.