வண்டியை விட்டு இறங்கிய அக்கா

இந்த நினைவு மலரை வாங்கிய கைகளுக்கெல்லாம் எங்கள் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டாகிறது. அவரைப் பற்றி நல்லபடியாக எழுதச் சொன்னார்கள். ஆனால் ஒரு கோபத்தையும் சேர்த்துத்தான் என்னால் எழுத முடியும்.

எங்கள் மலையின் பைல் நாட்டில் பிறந்து, அதே மலையின் குண்டனி நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர் அக்கா. மாமா சீக்கிரமே போய்விட்டார். குழந்தைகள் இல்லை. சாமைக் கொல்லையையும் மிளகுக் கொடிகளையும் தனியாகவே பார்த்துக்கொண்டார். கையில் இருப்பதை எதிரில் வருபவருக்குக் கொடுத்துவிடுவார். கொட்டும் மழையில் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்து வந்து நிற்பார். ஓட்டைக் கை என்று கேலி செய்வோம். சின்னதைக் கொடுத்துப் பழகினால்தான் பெரியதைக் கொடுக்கும்போது கை மடங்காது என்பார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு தடவை கீழே போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

ஒரு பெருமழையில் மலைப்பாதையில் பல இடங்களில் மண் சரிந்து, பைக் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. முந்தைய முறையும் தவறிப்போயிருந்தது. முகம் வீங்கி மூச்சு இழுத்த அக்காவை என் பைக்கில் பின்னால் உட்கார வைத்து மலையிறங்கினேன்.

ஒரு வளைவில், பாம்பு கடித்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் குறுக்கே வந்து நின்றார். ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல் அடிவாரத்திலேயே நிற்பதாகச் சொன்னார். நான் வண்டியை அணைப்பதற்குள் அக்கா இறங்கிவிட்டார்.

"இவங்களக் கொண்டுபோய் உட்டுட்டு வா சாமி."

"உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்று கத்தினேன்.

அக்கா பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

சேற்றில் வண்டி வழுக்கிக்கொண்டே இருந்தது. முதுகுக்குப் பின்னால் பிள்ளை முனகினால் பயம். முனகல் நின்றால் அதைவிடப் பயம். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு மேலே திரும்பினேன். அக்காவுக்கு உதடு கறுத்திருந்தது, உயிர் இருந்தது. துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அவருடைய நேரம் தாண்டிவிட்டது, காத்திருக்கத்தான் வேண்டும் என்றார்கள். தன் முறை வந்து கட்டிலில் அப்போதுதான் படுத்த முஸ்லிம் பாய் ஒருவர், பேளுக்குறிச்சிச் சந்தையில் கடை போடுபவர், அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் கால் வீங்கியிருந்தது. எழுந்துவிட்டார். "அந்தம்மாவப் படுக்க வைங்க. நான் வெளிய உக்காந்துக்கறேனுங்க."

அந்தப் பிள்ளையும் பிழைத்தது. மூச்சு சீரானதும் அக்காவிடம் சண்டை போட்டேன். உயிர் மேல் ஆசையே இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம என்ன கண்ணு? யோசிச்சிருந்தா எறங்கியே இருக்க மாட்டேன். அதான் யோசிக்கறதுக்குள்ள எறங்கிட்டேன்."

கடைசி நாட்களில் மாற்றி மாற்றித் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், மலை ஏறி வந்து வழியனுப்பிய உறவினருக்கும் நன்றி. சந்தைக்கடைக்கார பாய் இன்று இல்லை. அவர் குடும்பத்தாருக்கு இந்த மலரை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் எழுந்து கொடுத்த இடத்தில் படுத்துத்தான் அக்கா எங்களோடு இன்னும் இரண்டு மழைக்காலம் இருந்தார்.