விழுந்ததும் சுற்றிப் பார்த்தவர்

அனிமேஷன் வகுப்பில் இந்த வாரம் நகைச்சுவைப் பயிற்சி. ஒருவர் வழுக்கி விழ வேண்டும், பார்ப்பவர் சிரிக்க வேண்டும்.

இன்று திருவொற்றியூர் பேருந்தில் நான் வரைந்ததை டேப்லெட்டில் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்து இருக்கை அக்காவும் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அவுருக்கு அடி பட்டுச்சா?" என்றார்.

"கார்ட்டூன்ல அடியே படாதுக்கா."

"எங்க வூட்டுக்காரு போன வாரம் மீன் மார்க்கெட்ல இப்டித்தான் வுழுந்தாரு. கால்ல கட்டு போட்டுகினு கீறாரு."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. விழும் வேகத்தை மட்டுமே யோசித்திருந்தேன், விழுகிற ஆளை யோசிக்கவில்லை.

"வுழுந்ததும் இன்னாக்கா பண்ணாரு?"

"யார்னா பாத்தாங்களான்னு சுத்திமுத்தும் பாத்தாரு. அப்பாலதான் 'ஐயோ'ன்னாரு."

அந்தப் பார்வையை அங்கேயே வரைந்து சேர்த்து ஓட்டிக் காட்டினேன். அக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"அவுரேதான்! வாட்ஸ்அப்ல அனுப்பும்மா, காட்றேன்."

அனுப்பினேன். சற்றுமுன் அக்காவின் வீட்டுக்காரர் குரலிலேயே பதில் வந்தது: "நல்லாத்தான் கீது. ஆனா எனக்கு அவ்ளோ தொப்பை இல்லம்மா."

நாளை சமர்ப்பிக்க வேண்டும். தொப்பையைக் குறைக்கவா, விட்டுவிடவா? நீங்களே சொல்லுங்கள்.