மட்டை விழுந்த கை

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், கோலசிலாங்கூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. மழை ஓய்ந்து, ஆற்றிலிருந்து எழுந்த மூட்டம் சன்னல் வரை வந்து நின்றிருந்தது. வெளிநாட்டில் பழைய எலும்புகளை ஆராயும் என் மகள் விடுமுறையில் வந்திருந்தாள். மடிக்கணினியில் ஒரு படத்தைக் காட்டினாள். அந்த நாட்டு இடுகாடு ஒன்றில் தோண்டி எடுத்த, எழுநூறு ஆண்டுக்கு முந்தைய பெண்ணின் முன்கை எலும்பு. நீர் வற்றிய ஆற்றுச் சேற்றில் ஒதுங்கிய சம்பான் படகு போல, திரையில் அது வெளிறிக் கிடந்தது.

"தோட்டத்துல எத்தன கைக்குக் கட்டுப் போட்டிருப்பீங்க. இது எப்படி ஒடிஞ்சிருக்கும், சொல்லுங்க பாப்போம்."

முப்பது ஆண்டு செம்பனைத் தோட்ட மருத்துவமனையில், காயங்களுக்கு மருந்திட்டுக் கட்டுப் போடும் டிரசராக இருந்தவன் நான். யோசிக்காமல் சொன்னேன்: "மட்டை விழுந்திருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். "ஐயோ அப்பா, அந்தக் காலத்துல அந்த ஊர்ல செம்பனை ஏது லா!"

பிறகு விளக்கினாள். கீழே விழுகிறவர் கையை ஊன்றுவார். பெரும்பாலும் மணிக்கட்டின் அருகே ஒடியும். அடியைத் தடுக்கக் கையை முகத்துக்கு நேரே தூக்கினால், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் ஒடியும். இந்தப் பெண்ணுக்கு அதே இடம் இருமுறை ஒடிந்து கூடியிருந்தது. "அடிதான்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா கேக்காம விடவும் முடியாதுப்பா."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த மூட்டத்துக்குள் வேறொரு கை தெரிந்தது.

எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண் அவர். ஒரே ஆண்டில் இரண்டு முறை, அதே இடது கை. இரண்டு முறையும், "மட்டை விழுந்துருச்சுங்கய்யா" என்றார். மரத்தடியில் நின்று செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் மேல் மட்டை விழும். தகரக் கூரைக்குக் கீழே தொட்டில் ஆட்டுகிறவர் மேல் எங்கிருந்து விழும்? எனக்குத் தெரியும். அவருடைய கணவர், தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர். மாலைதோறும் என்னோடு தேநீர் குடிப்பவர். ஏட்டில் காரணம் என்ற இடத்தில் 'மட்டை' என்றே எழுதினேன். இரண்டாம் முறை, கட்டுப் போட்டு முடித்த பிறகும் அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

"வேற ஒன்னும் கேக்கலீங்களா?" என்றார்.

"கைய ஆட்டாம வச்சுக்கம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

மகள் படம் காட்டிய மறுநாள், அவர் இப்போது இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு பாசிர் பெனம்பாங் என்ற ஊருக்குப் போனேன். கணவர் இறந்து பல வருடமாம். அவர் மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இடது முன்கை இன்னும் சற்று வளைந்தே இருந்தது.

"மட்டைன்னு நான் எழுதினது பொய்ம்மா. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவர் நிமிரவில்லை. "உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியுங்கய்யா. அதான் எந்திரிக்காம உக்காந்திருந்தேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுநூறு ஆண்டு கழித்து ஓர் எலும்பிடம் என்ன நடந்தது என்று கேட்க என் மகள் இருக்கிறாள். ஒரு முழத் தூரத்தில் உயிரோடு உட்கார்ந்து, அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவரிடம் நான் கேட்கவில்லை என்பது, ஆற்றில் மூட்டம் எழும்போதெல்லாம் இன்னும் என் முன்னால் வந்து நிற்கிறது.