மானுக்குக் கட்டிய மூங்கில் மறைவு

ஜோகுபாளையத்து ஸ்கூட்டர் மெக்கானிக் இஞ்ஞாசிக்குத் திருட்டு மான் வேட்டைதான் பைத்தியம். காட்டுக் குட்டையோரப் புதருக்குள் அசையாமல் உட்கார்ந்து, தண்ணீருக்கு வரும் மானைச் சுடுவார். போன கோடையில் புதர் காய்ந்து ஓட்டையாகக் கிடந்தது. பச்சை மூங்கில் கிளைகளை வெட்டி முன்னால் செருகிக்கொண்டார். அதில் பெருமை வேறு.

சாயங்காலம் மான் வரவில்லை. மூங்கில் வாசனைக்கு யானை வந்தது. ஒவ்வொரு கிளையாக உருவி நிதானமாகத் தின்றது. மடியில் கிடந்த துப்பாக்கியைத் தொடக்கூட அவருக்குக் கை வரவில்லை. கடைசிக் கிளையும் போனதும் தும்பிக்கை முகத்தருகே வந்து மூச்சு விட்டது. பிறகு யானை திரும்பிப் போனது. துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்.

இப்போதும் காலையில் மனைவி ஆரோக்கியமேரி போர்வையை இழுத்தால் மூச்சை அடக்கிக்கொள்கிறார்.

“நான்தாங்க,” என்பாள்.

அவர் உடனே கண் திறப்பதில்லை.