ஜன்னலோரம் வைக்கச் சொன்ன கணினி

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வந்து, வழக்கம்போல் கணினியின் தூசியைத் துடைத்தேன். பழவேற்காட்டில் உப்பு ஏரியைப் பார்த்த எங்கள் வீட்டு ஜன்னலோரம் இரவும் பகலும் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்கு அது இணையம் வழியே கணக்குப் போட்டுக் கொடுத்துவந்தது. அந்த நோயில் இறந்த என் மனைவிக்காக நான் செய்த சேவை அது. பழைய பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கொடுத்தவன் அவளுடைய தம்பி சேவியர்.

அன்று அது நின்றுவிட்டது. சேவியர் வந்து பார்த்தான்.

"உப்புக்காத்து துன்னுடுச்சி மாமா. இன்னா பண்றது?"

கணினிப் பெட்டியைத் திறந்தபடி ஜன்னலோரம் வைக்கச் சொன்னவனே அவன்தான். "ஏரிக்காத்து சும்மா வருது, ஃபேனுக்கு ஏன் துட்டு?" என்று அப்போது கேலி செய்தான்.

மதர்போர்டைக் கழற்றினேன். அதன் அடியில் காய்ந்த சேறு அப்பியிருந்தது. காற்று சேற்றைக் கொண்டுவராது. அவனிடம் நீட்டினேன்.

"வெள்ளத்துல முழுகினதுதான். கழுவித்தான் குடுத்தேன். அக்கா இன்னா, வந்து பாக்கப்போவுதா?" என்றான்.

பழியைப் போட அவனுக்கு ஏரிக்காற்று தேவைப்பட்டிருக்கிறது.

மறுநாள் காலை முதல் வேலையாக வேறு மதர்போர்டு வாங்கப் பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன். கடையில் விலை கேட்பதற்குமுன் போர்டைத் திருப்பிக் காட்டச் சொன்னேன்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"என் மச்சான் குடுத்தத இப்டிப் பாக்கலைங்க" என்றேன்.