மகாராஜாவின் முகத்தில் கத்தி வைக்க ஆளில்லை

கேக் வெட்ட ஆளில்லாமல் ஒரு மண்டபமே முழிச்சதை நான் ஒருக்காத்தான் கண்டிருக்கிறன். கேக் என்ர. மேல இருந்த முகம் மகாராஜா ரஞ்சித் சிங்கின்ர.

பிரெஞ்சு பேசுற லவால் நகரில நான் கேக் கடை துவங்கின புதிசு. எங்கட தமிழ் ஆக்களைத் தவிர ஒருத்தரும் படியேறேல்ல. அப்பதான் ஜஸ்பீர் வந்தார். அரசாங்கப் பிரெஞ்சு வகுப்பில என்னோட படிச்ச சீக்கியர். லாகூரில இருந்து பஞ்சாபை ஆண்ட தங்கட மகாராஜாவுக்குப் பிறந்தநாள் விழா எடுக்கினமாம். முட்டை போடாத கேக் வேணும், அலங்காரம் என்ர விருப்பம் எண்டார். இது பிடிச்சால் அவையின்ர கலியாண ஓடரெல்லாம் எனக்கு. பிடிக்காட்டிக் கடையை இழுத்து மூடுறதுதான்.

எங்கட சனத்துக்குக் கேக் எண்டால் முகம் வேணும். அறுபதாம் பிறந்தநாளுக்கு அப்பாவின்ர முகத்தைப் போட்டு, அவரைக் கொண்டே அவற்ற நாடியில கத்தி வைப்பிப்பினம். பேரப்பிள்ளை மூக்கு தனக்கெண்டு அழும். அந்தப் பழக்கத்தில நானும் ஃபொண்டன்ட் எண்ட சீனி மாவை உருட்டி, தலைப்பாகை, வெள்ளைத் தாடி, அம்மையில பார்வை போன இடக்கண் எல்லாம் கையாலயே செய்து மேல வைச்சன். திறமான வேலை, நானே சொல்லுறன்.

மண்டபத்தில அதைக் கண்டவுடன எல்லாரும் கைகூப்பிச்சினம். எனக்குச் சரியான புளுகம், சந்தோசம் தாங்கேல்ல. பேந்துதான் வினை. தலைவரிட்டைக் கத்தியைக் குடுத்தினம். அவர் செயலாளரிட்டை நீட்டினார். செயலாளர் வயசுக்கு மூத்தவர் வெட்டட்டும் எண்டார். மூத்தவர் கத்தியைப் பாத்தார், மகாராஜாவைப் பாத்தார், தனக்குச் சீனி வருத்தம் எண்டு போய் இருந்திட்டார். சரி, முதல் பேச்சு, பிறகு கேக் எண்டு தள்ளி வைச்சினம்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் தங்கட பாஷையில பேசினார், ஜஸ்பீர் பக்கத்தில இருந்து எனக்குப் பிரெஞ்சில சொன்னார். பேச்சு நீளம். வெளியில பனி கொட்டத் துவங்கிட்டுது, ஆக்கள் ஜக்கெட்டைத் தேடுகினம். ஒருத்தரும் வாயில வைக்காமல் போகப் போகினம், கலியாண ஓடரும் அவையோட போகப் போகுது. வாத்தியாரோ, மகாராஜா சகல சமயத்தவரையும் பதவியில வைச்சதையும், பிரெஞ்சுத் தளபதிகளைச் சேர்த்ததையும் சொல்லி, கடைசியா, அவர் நாணயத்தில தன்ர பேரையோ முகத்தையோ போடேல்ல, குருமாரின்ர பேரிலதான் அடிப்பிச்சவர் எண்டார்.

நான் ஜஸ்பீரின்ர கையைப் பிடிச்சு, எங்கட அரைகுறைப் பிரெஞ்சில கேட்டன்.

"காசிலயே தன்ர முகத்தைப் போடாத மனுசன், கேக்கில போட விடுவாரே?"

"விடமாட்டார்."

"அப்ப அவரை எழுப்புவம்."

தட்டைக் கத்தி ரெண்டை அடியில விட்டு, மகாராஜாவை முழுசாய்த் தூக்கித் தட்டத்தில வைச்சன். தலைவர் ரெண்டு கையாலயும் ஏந்திக்கொண்டு போக, சனம் எழும்பி வழி விட்டுது. மிச்சம் வெறும் வெள்ளை ஐசிங். ஜக்கெட்டோடயே வரிசையில நிண்டு திண்டினம். சீனி வருத்தக்காரர் ரெண்டு தரம் வந்தார்.

மகாராஜா இப்ப ஜஸ்பீர் வீட்டு ஃப்ரீசரில. இறைச்சி வைக்க இடமில்லையெண்டு அவற்ற மனிசி எனக்கு ஃபோன் எடுத்துப் பேசினா. எறியுங்கோவன் எண்டால், அதுக்கும் மனம் வரேல்லையாம்.

இந்தத் தொழிலுக்கு வாற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லுறன். ஆருக்குக் கேக் எண்டு எல்லாரும் கேப்பினம். ஆர் வெட்டுறது எண்டும் கேளுங்கோ. அந்த விழாவால வந்த முதல் கலியாண ஓடருக்கே நான் கேட்டன். பொம்பிளையின்ர முகம் போட வேணுமாம், வெட்டுறது மாமியாராம். நான் பூ வைச்சு அனுப்பினன்.