பெல்ட் போட்ட ஆறு வாரம்

புதுவயலில் ஓர் அரிசி மில்லில் லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதுகிறேன். பத்தொன்பது வருஷமாக அதே மேஜை. லோடு ஏற்ற ஆள் குறைந்தால் முதலாளி என்னைப் பார்த்து, "ஒரு கை பிடிப்பா" என்பார். அது என் வேலை இல்லை. ஆனாலும் போய்ப் பிடிப்பேன். பிடித்துப் பிடித்து, ஒரு நாள் காலையில் பாயை விட்டு எழ முடியவில்லை.

முதுகெலும்பில் ஜவ்வு விலகியிருக்கிறது என்றார் காரைக்குடி டாக்டர். உள்ளே தகடு வைத்த பெல்ட் ஒன்றைக் கட்டிவிட்டு, ஆறு வாரம் குனியவே கூடாது, மூட்டையை இனி எந்தக் காலத்திலும் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். இதை மில்லில் சொல்ல முடியுமா? போன வருஷம் இடுப்புப் பிடித்துக்கொண்ட லோடுமேன் ஒருவரை, வீட்டில் ரெஸ்ட் எடுங்க என்று அன்பாக அனுப்பிவைத்தார்கள். அவர் இன்னமும் ரெஸ்ட்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனவே இரண்டு நாள் காய்ச்சல் என்று பொய் சொல்லி, பெல்ட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

முதலாளி முன்னால் நிற்க எங்கள் மில்லில் ஒரு முறை உண்டு. தோளைக் குறுக்கி, கையைக் கட்டி, முதுகைக் கொஞ்சம் வளைத்து நிற்க வேண்டும். யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். அப்படி நின்றால் வாயில் "சரிங்க மொதலாளி" தவிர வேறெதுவும் வராது. பெல்ட் கட்டியவனால் எப்படி வளைய முடியும்? அன்றைக்கே அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னப்பா, நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிற?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவன் என்று பேர் வரும். பேர் வந்தால் வரட்டும் என்று என் மேஜைக்குத் திரும்பினேன். உள்ளுக்குள் பயம் இருந்தது என்னவோ நிஜம்.

ஆனால் நாளாக ஆக அந்தப் பயம் குறைந்தது. ஒரு கை பிடிக்கச் சொல்ல வாயெடுத்த முதலாளி, நான் நிற்பதைப் பார்த்துவிட்டு வேறு யாரையோ கூப்பிட்டார். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. பெல்ட்டால் வந்த மரியாதை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்: "பெல்ட்டு போட்டதுலருந்து வீட்ல சத்தம் போடாம இருக்கீக." மில்லில் வளைந்து நின்றதற்கெல்லாம் இத்தனை வருஷம் இவள் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன்.

ஆறு வாரம் முடிந்து பெல்ட்டைக் கழற்றினேன். மறுநாளே வந்தது வினை. லோடு ஏற்ற லாரி காத்திருந்தது, ஆளில் இரண்டு பேர் குறைவு. முதலாளி கூப்பிட்டார். போகும்போதே தோள் தானாகக் குறுகியது, கை தானாகக் கட்டிக்கொண்டது. பழகின மாடு கொட்டிலுக்குப் போகிற மாதிரி போய் நின்றேன். ஒரு கை பிடிக்கச் சொன்னார். "சரிங்க" தொண்டை வரை வந்துவிட்டது.

அப்போது என் உடம்பின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கட்டின கையைப் பிரித்தேன். தோளைப் பின்னால் தள்ளி நிமிர்ந்தேன். நெஞ்சு நிறைய மூச்சு போனது, குரலும் வந்தது.

"மூட்டை தூக்க முடியாது மொதலாளி. முதுகுல ஜவ்வு வெலகிருச்சு. இனிமே எப்பவும் தூக்க மாட்டேன்."

அவர் நம்பவில்லை. "முதுகு போனவன் மாதிரியாப்பா நிக்கிற?"

"இப்புடி நின்னாத்தான் வலிக்கல மொதலாளி."

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் குனியாமலே கேட்டைத் தாண்டிப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். அவர் போனை எடுத்து, வேறு இரண்டு பேரை வரச் சொன்னார். பேசி முடிக்கும்வரை, கையைக் கட்டாமல் அவர் எதிரிலேயே நின்றேன்.